பழைய கணினியில் விண்டோஸ் அப்டேட் தோற்றால்: ஃபார்மட் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

நீடாமங்கலத்தை அடுத்த ஓர் அரிசி ஆலையின் அலுவலக அறையில் பத்து வயதைக் கடந்த மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. குறுவை நெல் வரத்து தொடங்கியிருந்த ஒரு மாதம் முழுவதும் அது தினமும் ஒரே காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்டேட் இறங்கும், நிறுவத் தொடங்கும், பாதியில் கணினி பட்டென்று அணைந்துவிடும். மீண்டும் போட்டால் "அன்டூயிங் சேஞ்சஸ்" என்ற வரி தோன்றி, அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பழைய திரைக்கே திரும்பும். ஆலையின் கணக்கைப் பார்க்கும் பெரியவர் என்னிடம் முதலில் கேட்டது, "தம்பி, ஃபார்மட் அடிச்சிட்டா சரியாயிடுமா?" என்பதுதான். திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நான் பழைய கணினியைப் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வி எனக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஃபார்மட் அடித்தால் பல நேரங்களில் அப்டேட் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் தோல்விக்குக் காரணம் ஹார்டு டிஸ்க்கிலோ, தேதியிலோ, மின்சாரத்திலோ, வெப்பத்திலோ இருந்தால், புதிதாக நிறுவிய விண்டோஸும் அடுத்த மாதமே அதே இடத்தில் தடுக்கி விழும். அதற்குள் பழைய கோப்புகள் போயிருக்கும். எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர், அப்டேட் ஆகவில்லை என்று கணினியை ஒரு கடையில் கொடுத்து, ஒன்பது ஆண்டு வரைவுகளை ஒரே மாலையில் இழந்தார். அவர் கணினியில் இருந்த குறை, சி டிரைவில் இடம் இல்லை என்பது மட்டுமே. ஆகவே கீழே சொல்லப்படுபவை எளிதானதிலிருந்து கடினமானதற்கும், கோப்புகளுக்கு ஆபத்தில்லாததிலிருந்து ஆபத்துள்ளதற்கும் செல்லும் வரிசையில் அமைந்துள்ளன. வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது. விண்டோஸ் 10-ஐ மனத்தில் வைத்தே எழுதுகிறேன், ஏனெனில் இன்று பழைய கணினிகளில் பெரும்பாலும் ஓடுவது அதுதான்.

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

தோற்ற அப்டேட் ஒவ்வொன்றும் ஒரு பிழை எண்ணை விட்டுச் செல்கிறது. செட்டிங்ஸில் "அப்டேட் அண்ட் செக்யூரிட்டி" பக்கத்தைத் திறந்து, "வியூ அப்டேட் ஹிஸ்டரி" என்பதை அழுத்தினால், எந்த அப்டேட் எந்த நாளில் தோற்றது என்ற பட்டியல் வரும். "கேபி" என்று தொடங்கும் எண் அப்டேட்டின் பெயர். "0எக்ஸ்" என்று தொடங்கி எட்டு இலக்கங்களில் முடிவது பிழையின் பெயர். இரண்டையும் கைபேசியில் படம் பிடிக்கவோ, ஒரு தாளில் எழுதவோ வேண்டும். பின்னால் செய்யவிருக்கும் ஒரு வேலை இந்தப் பட்டியலையே அழித்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முன்னொட்டை விட்டுச் சொன்னால், 80070070 என்பது டிஸ்க்கில் இடமில்லை என்பதையும், 80072எஃப்8எஃப் என்பது பெரும்பாலும் கணினியின் தேதி தவறாக இருப்பதையும், 80072ஈஈ2 என்பது இணைப்பு நேரத்துக்குள் பதில் தரவில்லை என்பதையும் குறிக்கும். 80073712 வந்தால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருக்கின்றன. சி1900101 என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர், அதாவது ஒரு கருவியை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள், குறுக்கே நிற்கிறது. எண் கையில் இருந்தால் கீழே உள்ளவற்றில் எதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நகல் எடுப்பதில் நம் ஊர்க் கணினிகளுக்கு உரிய சில கவனங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன் கோப்புகளை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகலெடுக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் கண்டவரை, நகலெடுத்தவர்களும் இழந்திருக்கிறார்கள். எதை நகலெடுக்க வேண்டும் என்பது தெரியாததுதான் அதற்குக் காரணம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களின் டேலி கணக்கு அந்த இரண்டிலும் இருப்பதில்லை. டேலியைத் திறந்து, தரவு எந்தப் பாதையில் சேமிக்கப்படுகிறது என்பதைப் பார்த்து, அந்தக் கோப்புறையை முழுவதுமாக எடுக்க வேண்டும். டேலியின் உள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியையும் தனியாக ஒருமுறை பயன்படுத்துவது இரட்டைப் பாதுகாப்பு.

பத்திர எழுத்தர்கள், தட்டச்சு நிலையங்கள், திருமண அழைப்பிதழ் அச்சகங்கள் ஆகியவற்றின் கணினிகளில் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த கோப்பை மட்டும் நகலெடுத்து, அந்த எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய கணினியில் அந்த ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும், தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் நிறுவல் கோப்பு, உரிமக் குறியீடு ஆகியவற்றையும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என இணையத்திலிருந்து இறக்கியவை எல்லாம் டவுன்லோட்ஸ் கோப்புறையில்தான் இருக்கும். அதையும் மறக்கக் கூடாது. நகல் முடிந்ததும் வேறொரு கணினியில் அந்தப் பென் டிரைவைச் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே நகல் எடுத்ததாகக் கொள்ள வேண்டும்.

சி டிரைவில் இடம்

மாதாந்திர அப்டேட்டுக்கு சி டிரைவில் குறைந்தது 10 ஜிபி காலியாக இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸின் பதிப்பையே மாற்றும் பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபி தேவை. பழைய கணினிகளில் 500 ஜிபி டிஸ்க் இருந்தாலும், சி டிரைவை 50 அல்லது 60 ஜிபியாகப் பிரித்து, மீதியை டி, ஈ என்று வைத்திருப்பது வழக்கம். அதனால் டி டிரைவில் 300 ஜிபி சும்மா கிடக்கும்போதே சி டிரைவ் மூச்சுத் திணறும். படங்களையும் வீடியோக்களையும் டி டிரைவுக்கு நகர்த்துவதே இதற்கு முதல் மருந்து.

அடுத்து செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று சென்றால் நீக்கத் தகுந்தவற்றின் பட்டியல் வரும். பழைய அப்டேட்டுகளின் மிச்சம், முந்தைய விண்டோஸ் நிறுவல், தற்காலிகக் கோப்புகள் ஆகியவற்றைத் தேர்ந்து நீக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸும் ஒரு வரியாக நிற்கிறது. அதற்கு எதிரே உள்ள கட்டத்தில் அவசரத்தில் குறி வைத்துவிட்டால், இறக்கி வைத்த சான்றுகள் அத்தனையும் மறுசுழற்சித் தொட்டிக்குக்கூடப் போகாமல் மறைந்துவிடும். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் குறி வையுங்கள்.

80070070 என்ற எண்ணுக்கு இவ்வளவு போதும். 800எஃப்0922 என்ற எண் சற்று வேறு வகை. விண்டோஸ் 7 காலத்தில் நிறுவிய கணினிகளில், தொடக்கக் கோப்புகளுக்காக 100 எம்பி அளவில் ஒரு மறைவான பகுதி இருக்கும். அது நிரம்பிவிட்டாலும் இந்த எண் வரக்கூடும். பகுதிகளின் அளவை மாற்றுவது டிஸ்க்கின் அமைப்பிலேயே கை வைப்பதாகும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தாமாகச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற அப்டேட்டும் இப்படித்தான், மீட்புக்கான மறைவுப் பகுதியில் இடம் போதாமல் பல கணினிகளில் 80070643 என்ற எண்ணோடு தோற்றது. அந்த ஒன்று தோற்றதால் மற்ற மாதாந்திர அப்டேட்டுகள் நிற்பதில்லை; ஆகவே அதற்காகக் கணினியைக் கலைக்க வேண்டியதில்லை.

தேதியும் நாணய பேட்டரியும்

கணினியின் கடிகாரம் தவறாக இருந்தால் அப்டேட் தோற்கும் என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி இன்று 2012 என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்றாகத் தெரியும், எனவே இணைப்பையே மறுத்துவிடும்.

மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரிதான் கடிகாரத்தைக் காக்கிறது. பெரும்பாலான கணினிகளில் அது 2032 என்ற எண்ணுடைய 3 வோல்ட் செல். மேசைக் கணினிக்கு மின் இணைப்பு இருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் அந்தச் செல்லுக்கு வேலை குறைவு. இரவில் சுவரிலுள்ள சுவிட்சை அணைக்கும் வழக்கமும், மழைக்காலத்து நீண்ட மின்தடையும் சேரும் நம் பகுதியில், செல் விரைவில் தீர்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு, வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த கணினிகளை மீண்டும் இயக்கியபோது, கடிகாரம் பின்னோக்கிப் போனவற்றை நான் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன்.

செல்லை மாற்றுவது எளிது, ஆனால் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. முதலில் பயாஸ் திரைகளை, அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைகளை, ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். செல்லைக் கழற்றும்போது பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். ஹார்டு டிஸ்க்கை அணுகும் முறை ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇ என்று மாறிவிட்டால், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், புதிய செல் போட்டதால் கணினியே கெட்டுவிட்டது என்று பயம் வரும். படத்தைப் பார்த்து அந்த அமைப்பை முன்பிருந்தபடி வைத்தால் சரியாகிவிடும். மின் கம்பியைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்னோட்டத்தைப் போக்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். பின்பு தேதி, நேரம் இரண்டையும் திருத்தி, நேர மண்டலம் இந்தியாவுக்கு உரியதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இணைப்பு

நம் கிராமங்களில் பல கணினிகள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் இணையம் பெறுகின்றன. ஒரு மாதாந்திர அப்டேட்டே பல நூறு எம்பி இருக்கும், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில், வீட்டுப் பிள்ளைகள் வீடியோ பார்த்து முடித்த பிறகு மிஞ்சுவது அதற்குப் போதாது. தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் பல திட்டங்களில் 64 கேபிபிஎஸ் என்ற அளவுக்கு விழுந்துவிடும், அப்டேட் நேரம் கடந்து தோற்கும். விடியற்காலையில், புதிய நாளின் அளவு தொடங்கிய பிறகு, வேறு யாரும் பயன்படுத்தாத நேரத்தில் முயல்வது நல்லது. இறங்கிய வரை வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த வைஃபை இணைப்பு "மீட்டர்டு கனெக்ஷன்" (அளவு பார்த்துச் செலவிட வேண்டிய இணைப்பு) என்று குறிக்கப்பட்டிருந்தால் அப்டேட் தானாக இறங்காது என்பதையும் கவனியுங்கள்.

அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. குறித்து வைத்த கேபி எண்ணை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற தளத்தில் தேடி, ஃபைபர் இணைப்புள்ள நண்பர் வீட்டிலோ நூலகத்திலோ அந்தக் கோப்பை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து இரட்டைச் சொடுக்கினால் அது நேரடியாக நிறுவப்படும். 32 பிட், 64 பிட் என இரு வகைக் கோப்புகள் அங்கே இருக்கும்; உங்கள் கணினி எது என்பதை செட்டிங்ஸின் "அபவுட்" பக்கம் காட்டும். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கணினியாக இருந்தால், 2019-இல் மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுகளுக்கு இடும் டிஜிட்டல் கையொப்ப முறையை மாற்றியதால், கேபி4490628, கேபி4474419 என்ற இரண்டையும் முதலில் இதே முறையில் நிறுவாமல் அதற்குப் பிந்தைய அப்டேட்டுகள் எதையும் அது ஏற்காது.

மின்சாரம், வெப்பம், பொறுமை

சுழலும் ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி நினைவகமும் உள்ள கணினியில் ஒரு பெரிய அப்டேட் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது இயல்பே. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் துணை மின் நிலையத்துக்கு எந்த நாளில் என்பதை முன்னதாகப் பார்த்துவிட்டு, அந்த நாளையும் இடி மின்னல் உள்ள மாலைகளையும் தவிர்த்துத் தொடங்குங்கள். யுபிஎஸ் இருந்தாலும், அதன் பேட்டரி பழையதென்றால் ஐந்து நிமிடமே தாங்கும். மடிக்கணினியின் பேட்டரி செத்திருந்தால் அது மேசைக் கணினியைப் போலத்தான். சார்ஜர் கம்பி நழுவினாலே அணைந்துவிடும்.

திரையில் விழுக்காடு ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கும்போது பொறுமை இழந்து பொத்தானை அழுத்தி அணைப்பதால் கெடுகின்ற கணினிகள் ஏராளம். கணினியின் முன்புறத்தில் ஹார்டு டிஸ்க்குக்கென ஒரு சிறு விளக்கு இருக்கிறது. அது விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள், எத்தனை மணியானாலும் தொடக் கூடாது. விளக்கு முற்றிலும் ஓய்ந்து, மூன்று மணி நேரமாகத் திரையும் மாறாமல் இருந்தால் மட்டுமே அணைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

முதலில் சொன்ன அரிசி ஆலைக் கணினியின் கதை இந்த இடத்தில்தான் முடிந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியபோது, பிராசஸரின் மேலிருந்த விசிறியும் அதன் கீழுள்ள அலுமினிய இதழ்களும் உமித்தூசியால் மெத்தை போல மூடியிருந்தன. சாதாரணக் கணக்கு வேலையில் பிராசஸர் அதிகம் சூடாவதில்லை. அப்டேட் நிறுவும்போது அது நீண்ட நேரம் முழு வலுவில் உழைக்கிறது, வெப்பம் எல்லை தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி அணைந்துவிடுகிறது. தூரிகையாலும் ஊதுகுழலாலும் தூசியை அகற்றி, பிராசஸருக்கும் உலோகத்துக்கும் இடையே காய்ந்திருந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினோம். அன்று இரவே அப்டேட் முடிந்தது. ஆலை, மாவு மில், மர அறுவை, செங்கல் சூளை ஆகியவற்றின் அருகில் உள்ள கணினிகளில் இதை எண்ணைப் பார்க்கும்போதே சேர்த்துப் பாருங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அதிவேகத்தில் சுழல விட்டால் அதன் தாங்கி கெடும்.

வெளியே செருகியவற்றைக் கழற்றுதல்

விசைப்பலகையும் மவுஸும் தவிர யுஎஸ்பியில் செருகிய அனைத்தையும் கழற்றிவிட்டு ஒருமுறை முயலுங்கள். பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய டேட்டா கார்டு ஆகியவற்றின் டிரைவர்கள் சி1900101 என்ற எண்ணுக்கு அடிக்கடி காரணமாகின்றன. சந்தா முடிந்தும் நீக்கப்படாத ஆன்டிவைரஸையும் முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாக விழித்துக்கொள்ளும். பின்னர் "ஷட் டவுன்" அல்லாமல் "ரீஸ்டார்ட்" கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது பாதி உறக்கம் மட்டுமே, முழுமையாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

விண்டோஸின் கோப்புகள் சிதைந்திருந்தால்

இதுவரை சொன்னவை எதிலும் குறை இல்லை என்றால், இறக்கி வைத்த அப்டேட் கோப்புகளே பழுதாகியிருக்கலாம். "சர்வீசஸ்" சாளரத்தைத் திறந்து, விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் ஆகிய இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் "சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்" என்ற கோப்புறையைக் கண்டு, அதன் பெயருக்குப் பின்னால் "ஓல்டு" என்று சேர்த்துப் பெயரை மாற்றுங்கள். வேறொரு நிரல் அதைப் பயன்படுத்துகிறது என்று கணினி மறுத்தால், அந்த சர்வீஸ்கள் தாமாக மீண்டும் எழுந்திருக்கும். மறுபடி நிறுத்திவிட்டு உடனே பெயரை மாற்ற வேண்டும், அல்லது விண்டோஸ் இன்றியமையாதவற்றோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் மாற்றலாம். கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸ் புதிய கோப்புறையைத் தானே உருவாக்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கும். அப்டேட் வரலாற்றுப் பட்டியல் காலியாவது இதனால்தான்.

அதற்கும் அசையாவிட்டால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இரண்டு கட்டளைகளைத் தர வேண்டும். முதலாவது டிஐஎஸ்எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, சாய்கோட்டுடன் ஆன்லைன், ஓர் இடைவெளி, சாய்கோட்டுடன் கிளீனப், சிறுகோடு, இமேஜ், ஓர் இடைவெளி, சாய்கோட்டுடன் ரெஸ்டோர்ஹெல்த் என்று ஆங்கில எழுத்தில் அடிக்கப்பட வேண்டியது. இது விண்டோஸ் தன் உறுப்புகளை வைத்திருக்கும் களஞ்சியத்தைச் சரிபார்த்து, கெட்டவற்றை இணையத்திலிருந்து வாங்கி மாற்றுகிறது. இரண்டாவது எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோட்டுடன் ஸ்கேன்நவ். இது அந்தக் களஞ்சியத்தைக் கொண்டு இயங்கும் கோப்புகளைத் திருத்துகிறது. களஞ்சியமே கெட்டிருக்கும்போது இரண்டாவதை முதலில் கொடுப்பதில் பயனில்லை. பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பயனளிக்கவில்லை என்கிறார்கள். பழைய கணினியில் ஒவ்வொன்றும் அரை மணிக்கு மேல் ஆகலாம், முதலாவது இடையில் ஒரே விழுக்காட்டில் வெகுநேரம் நிற்பது வழக்கமே.

ஹார்டு டிஸ்க்கே தளர்ந்திருந்தால்

கோப்புகள் திரும்பத் திரும்பச் சிதைகின்றன என்றால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைப் படித்து "குட்", "காஷன்", "பேட்" என்று சொல்லும். குட் அல்லாத எதுவும் வந்தால் அப்டேட் முயற்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நகல் எடுக்காத கோப்பு எதுவும் மிச்சம் இருந்தால் உடனே எடுங்கள். அதற்கு முன் முழு டிஸ்க்கையும் தேய்த்துப் பார்க்கும் சோதனைகளை ஓட்டக் கூடாது; இறுதி மூச்சிலுள்ள டிஸ்க்குக்கு அந்த உழைப்பே முடிவாகிவிடும்.

அந்த இடத்தில் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பகுதி இல்லாத வேகமான டிஸ்க், வாங்கிப் போடுவதுதான் பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் மிகவும் பயனுள்ளது என்பது என் உறுதியான எண்ணம். 240 அல்லது 256 ஜிபி அளவே வீட்டுக்கும் சிறு கடைக்கும் போதும், இரண்டரை அங்குல சாட்டா வகை பெரும்பாலான பழைய கணினிகளில் அப்படியே பொருந்தும். இரண்டு மணி நேர அப்டேட் அதன்பின் பெரும்பாலும் அரை மணிக்குள் முடியும், மின்தடைக்கு இடையில் சிக்கும் வாய்ப்பும் அந்த அளவு குறையும்.

கோப்புகளை விட்டுவைத்து விண்டோஸை மட்டும் புதுப்பித்தல்

ஃபார்மட்டுக்கு முந்தைய கடைசி வழி இது. மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 10 நிறுவல் கோப்புகளைத் தயாரித்து, கணினி வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள செட்டப்பைத் திறக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க (பூட் செய்ய) கூடாது. "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" என்ற தேர்வு திரையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துங்கள். பிட் வகை, மொழி, பதிப்பு ஆகியவை இப்போதுள்ளதோடு பொருந்தாவிட்டால் அந்தத் தேர்வு மங்கிவிடும். அப்போது பின்வாங்கிவிடுவதே சரி.

அப்டேட்டுக்குப் பிறகு கணினி விண்டோஸுக்குள்ளேயே வராமல் போனால், தொடக்க நேரத்தில் மூன்று முறை தடைப்பட்டதும் மீட்புத் திரை தானாக வரும். அங்கே "டிரபிள்ஷூட்", "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" என்று சென்று கடைசி அப்டேட்டை மட்டும் நீக்கலாம். கோப்புகளுக்கு இதனால் தீங்கில்லை.

பதிப்பே முடிந்துபோயிருந்தால்

எல்லாம் சரியாக இருந்தும் அப்டேட் எதுவுமே வராத கணினிகளும் உண்டு. ரன் பெட்டியில் வின்வெர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பதிப்பு தெரியும். விண்டோஸ் 10-இன் இறுதிப் பதிப்பு 22ஹெச்2. அதைவிடப் பழையதென்றால் முதலில் அதற்கு வர வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிநபர்களின் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என அறிவிக்கப்பட்ட நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், 22ஹெச்2 பதிப்பில் உள்ளவர்கள் அப்டேட் பக்கத்திலிருந்தே மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியாகச் சேரலாம். தம் அமைப்புகளை அந்தக் கணக்கில் நகலெடுக்க ஒப்புபவர்களுக்குக் கட்டணம் இல்லை.

விண்டோஸ் 11 முறைப்படி டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரையும் கேட்கிறது. தடையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. கணக்கு வழக்கு உள்ள கணினியில் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அப்படி நிறுவியதற்கு அடுத்த அப்டேட் வரும் என்ற உறுதி இல்லை. கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் பிராசஸர் காலத்துக் கணினிகளிலோ விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினிகள் டெல்டா வீடுகளில் இன்னும் பரண் மேல் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்ததை அன்றைய மாணவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இணையம், கடிதம், பிள்ளைகளின் பாடம் என்ற அளவில் பயன்படும் கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுண்டுவோ போதும். தமிழ் யூனிகோடு தட்டச்சும் அவற்றில் நன்றாக இயங்கும். பென் டிரைவிலிருந்தே ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் பிடிபடுகின்றனவா என்று உறுதி செய்த பிறகு நிறுவுங்கள். டேலியும் கையொப்ப டோக்கனும் தேவைப்படும் இடத்தில் இது ஒத்துவராது. அத்தகைய கணினியை மாற்ற இப்போதைக்கு வசதியில்லை என்றால், இணையக் கம்பியைக் கழற்றிவிட்டுக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி வேலையையும் வரித் தாக்கலையும் வேறொரு கணினியில் செய்யுங்கள்; இரண்டுக்கும் இடையே போய்வரும் பென் டிரைவை ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது கணினியில் வைரஸ் சோதனை செய்த பிறகே இதில் செருகுங்கள்.